மாப்பிள்ளைக்குச் சுடுதண்ணீர்

எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு நான் கல்லூரி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த துண்டு போட்ட பெரியவர், "எங்க மாப்பிள்ளை இனிக் கோழிப்பண்ணையிலதானுங்க குளிக்கோணும்" என்றார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பக்கத்திலிருந்த இளைஞருக்குத் திகைப்பு. "ஏனுங் மாமா, தலை தீபாவளிக்கு வார மாப்பிள்ளையாச்சுங்களே!"

"வெறகுல காச்சுன தண்ணி பொகை நாறுதாமா. ஹீட்டர் மாட்டுனாத்தான் வருவேன்னுட்டாரு. வாங்கியாந்தா, மேல தொட்டி இருந்தாத்தான் அதுல தண்ணி ஏறும்னு ஒயர்மேன் சொல்றான். எங்க ஓட்டு ஊட்டு மேல தொட்டிய வெச்சா ஊடே உக்காந்துக்கும். தொட்டியும் கொழாயும் பண்ணையிலதான இருக்குது?"

"செரி, அங்கயே மாட்டிப்போட்டீங்க."

"மாட்டியாச்சுங்க. ஆனா ஹீட்டரைப் போட்டா, குஞ்சுக்குச் சூடு குடுக்கற பல்பெல்லாம் மங்கிப்போகுது. ரெண்டுல ஒண்ணுதான் எரியுமாமா. குஞ்சு வெறைச்சுச் செத்துப்போச்சுன்னா?"

"அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

"குஞ்சுகளை ஊட்டுக்குக் கொண்டாந்துட்டோம். மாப்பிள்ளைக்குன்னு வெள்ளையடிச்ச ரூம்புல பல்பு போட்டு உட்டிருக்குது."

"அப்ப மாப்பிள்ளை எங்க படுப்பாருங்க?"

"பண்ணையிலதான் கட்டில் போட்டிருக்குது. சுடுதண்ணி கைக்கெட்டுற தூரத்துல இருக்குதில்ல?"

இளைஞர் குரலைத் தாழ்த்தி, "உங்க பொண்ணு எங்க படுக்குமுங்க மாமா?" என்றார்.

"அவ ஊட்டுலதான் சாமி. ராத்திரி குஞ்சுகளைப் பாத்துக்க ஆளு வேணுமில்ல?"