துரைசானிக்காக ஒரு குளியலறை

சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் கண்ணாடியை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்ட வேண்டும். பலர் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். அப்போது எதிர்ச் சுவர்தான் இரண்டாகத் தெரியும். எதிரே மாட்டினால் மலையே அறைக்குள் வந்துவிடும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. ஆரம்பம் அந்த அறைதான். துபாசி அவசரப்படாமல் மொழிபெயர்க்கட்டும்.

என் பெயர் செல்லச்சாமி. கண்டியில் என் தகப்பனாருக்குத் துணிக்கடை. மடுல்கெல்லைக்கு மேலே இருக்கும் கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் விருந்தாளி அறையை ஒட்டி ஒரு குளியலறை இருந்தது. இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். தகரத் தொட்டி, பாசி பிடித்த தரை, வௌவால் நாற்றம். தோட்டத்தின் சொந்தக்காரர் சீமையிலிருந்து மனைவியோடு வந்து சில வாரம் தங்கப்போகிறார் என்று தெரிந்ததும் துரை என்னைக் கூப்பிட்டு அந்தக் கதவைத் திறந்து காட்டினார்.

"செல்லச்சாமி, இந்தப் பொந்தை என்ன செய்யலாம்?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை மூட்டை என்றுதான் கேட்பார்கள்.

நான் செய்தேன். ஹுலு கங்கையிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பொறுக்கிவரச் சொல்லித் தரையில் பதித்தேன். சுண்ணாம்பில் முட்டை வெண்கரு கலந்து சுவரைக் கண்ணாடி போல் தேய்க்க வைத்தேன். பங்களாவில் உடைந்து கிடந்த நீலப் பீங்கான் தட்டுகளைச் சில்லுகளாக்கிச் சுவரில் அலைபோல ஒட்டினேன். தகரத் தொட்டியைத் தூக்கிவிட்டுத் தரைக்குள் இறங்கும் கல்தொட்டி கட்டினேன். மூலையில் ஒரு மாடம் வைத்து அதில் பன்னச்செடி நட்டேன். ஜன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடியை மாட்டினேன்.

எல்லாம் முடிந்தும் அறை உயிரில்லாமல் இருந்தது. தண்ணீரை ஆள் சுமந்து வந்து ஊற்றினால் அது குளியலறை இல்லை, மாட்டுத்தொட்டி. தண்ணீர் தானாக வந்து விழ வேண்டும். விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

பங்களாவுக்கு மேலே பாறையில் ஓர் ஊற்று உண்டு. அதுதான் கீழே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில், அவர்கள் குடம் பிடிக்கும் பீலியில் விழும். மூங்கிலைப் பிளந்து பூட்டி அதைப் பங்களாவுக்குத் திருப்பினேன். பாதிப் பாதியாகப் பிரித்தும் பார்த்தேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்தொட்டியில் நூல் போலத்தான் விழுந்தது. முழுவதையும் திருப்பியபோது பட்டை போல விரிந்து விழுந்தது. மாடத்துச் செடி அதன் காற்றில் ஆடியது.

துரை வந்து பார்த்தார். "தண்ணி எங்கேயிருந்து?"

"மலையிலிருந்து, துரை."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் லயத்திலிருந்து வேலாயி என்னும் பெண் வெறுங்குடத்தோடு வந்தாள். மூக்கையாவின் மனைவி. இடுப்பில் பெண் குழந்தை.

"பீலியில தண்ணி வரலீங்க, கணக்கப்பிள்ளை ஐயா."

"கீழே ஓடையில் ஓடுகிறதே."

"அது கோப்பிப் பழம் உரிக்கிற ஆலைக் கழிவு விழுற ஓடைங்க. அதுக்கு மேல நோயாளிக் கொட்டகை வேற இருக்கு. அங்க கழுவுறதெல்லாம் இங்கதானே வருது."

அவள் சொன்னது உண்மைதான். புதிதாக வடக்கேயிருந்து நடந்து வரும் கூலியாட்களில் பேதி கண்டவர்களைத் தனியே போட அந்தக் கொட்டகையை அங்கே கட்டச் சொன்னதே நான். ஓடை பக்கத்தில் இருந்தால் துணி அலச வசதி என்று யோசித்தேன்.

"விருந்தாளிகள் போகும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அமைதியாகத்தான் சொன்னேன். வேறொரு கணக்கப்பிள்ளையாக இருந்தால் விரட்டியிருப்பான்.

விருந்தாளிகள் கண்டிவரை புகைவண்டியில் வந்து, அங்கிருந்து குதிரைவண்டியில் ஏறி வந்தார்கள். சொந்தக்காரரின் மனைவி, துரைசானி, குளியலறையைப் பார்த்ததும் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, இதை யார் செய்தது என்று கேட்டார். துரை என்னைக் காட்டினார். என் கையை அந்த அம்மாள் பிடித்துக் குலுக்கினார்.

அதே வாரம் லயத்தில் பேதி தொடங்கிவிட்டது. கோப்பிச் செடிகளுக்கு இடையில் குழி வெட்டினார்கள். அது பங்களாவிலிருந்து தெரியாது.

ஒருநாள் காலையில் துரைசானி குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றுபோனது. நான் எப்போதும் அந்த நேரத்தில் வெளிச்சுவரோரம் நின்று தண்ணீர் விழும் ஓசையைக் கேட்பேன். அன்று ஓசை அறுந்தது. வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். மூங்கில் ஒடிந்திருந்தால் வேறு வெட்டிப் பூட்டலாம் என்றுதான் கத்தியை எடுத்தேன்.

ஊற்றுக்குப் பக்கத்தில் மூக்கையா உட்கார்ந்திருந்தான். ஒரு மூங்கிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஊற்றில் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தான். என்னைக் கண்டு ஓடவில்லை.

"வேலாயி ராத்திரி போயிட்டாளுங்க. புள்ளைக்கு இன்னும் உசுரு இருக்கு. நாக்கு வறண்டு கெடக்கு. ஒரு கொடம் நல்ல தண்ணி புடிச்சிக்கிட்டு நானே மாட்டி வச்சிடறேன், ஐயா."

"முதலில் மாட்டு."

"கொடம் நெறையட்டுங்க."

ஊற்று பாறையில் பரவி வழிவதால் குடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழும். குடம் நிறைய நேரம் எடுக்கும். கீழே அந்த அம்மாள் சோப்பு நுரையோடு காத்திருந்தார். இன்று ஒருவனுக்கு விட்டால் நாளை லயமே குடத்தோடு ஏறி வரும். எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவன் குடத்தைப் பார்த்துக் குனிந்திருந்தான். நான் பின்னால் போய்க் கழுத்தில் ஒரே வெட்டு வெட்டினேன். இரத்தம் தண்ணீரில் கலந்துவிடக் கூடாதே என்று உடனே காலைப் பிடித்துப் பாறைக்கு இந்தப் பக்கம் இழுத்தேன். குடத்தைக் கவிழ்த்தேன். மூங்கிலைக் கழுவிப் பூட்டினேன். இறங்கி வந்தபோது ஓசை மறுபடி கேட்டது. துரைசானி உள்ளே பாடிக்கொண்டிருந்தார்.

குழந்தை மாலையில் இறந்ததாகச் சொன்னார்கள்.

லயத்தில் மிஞ்சியவர்கள் மூக்கையாவின் பிணத்தைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பன்விலை வழியாகக் கண்டிவரை நடந்தே வந்தார்கள் என்று அறிந்தேன். அது அவர்கள் உரிமை. அதனால்தான் நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள், நானும் மறைக்கவில்லை. மூக்கையாவைக் கொன்றது நான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள்.

ஆனால் வேலாயியையும் குழந்தையையும் லயத்தில் மற்றவர்களையும் இதோடு சேர்த்துக் கேட்கிறீர்கள். அதுதான் எனக்கு விளங்கவில்லை, ஐயா. அவர்களில் ஒருவரையும் நான் தொட்டதில்லை.