ஒப்பாரிக்குக் கைதட்டு

ஹட்டனில் மஸ்கெலியா பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் இருந்த இளம்பெண் சொன்னது என் காதில் விழுந்தது.

"எங்கம்மா அழுததுக்குக் கைதட்டுனாங்கக்கா."

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். "யாரு?"

"மொழியியல் சங்கத்துக்காரங்க. நம்ம தேயிலத் தோட்டத்துப் பேச்ச ஆராய்ச்சி பண்ணணும்னு நான் சொன்னதும் அவங்கதான் ரெக்கோடர் குடுத்தாங்க. கூட்டத்துல பேசவும் கூப்பிட்டாங்க. கொழும்புல கட்டட வேலையில செத்துப்போன என் தம்பிய நெனச்சு அம்மா வச்ச ஒப்பாரிய ரெக்கோட் பண்ணி அங்க போட்டேன்."

"கேட்டுட்டு என்ன சொன்னாங்க?"

"பழைய சொல்லெல்லாம் அப்படியே இருக்காம், ரொம்ப அருமையாம். இது மாதிரி இன்னும் கொண்டாங்க, சங்கம் ஒதவும்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். ஆராய்ச்சிய முடிக்கணுமில்ல? நமக்கு வேற யாரு ஒதவ வர்றாங்க?"

நோர்வூட்டில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். பிறகு மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சங்கத்துக்காரங்க தம்பி பேரு என்னான்னு கேட்டாங்களான்னு அம்மா கேட்டாங்க."

"கேட்டாங்களா?"

"இல்லக்கா. அந்த ஒப்பாரியில ரெண்டு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாங்க. அவ்வளவுதான்."