ஆமெனுக்கு முந்தின பேர்

— பொறுங்க. ஆமென் சொல்லாதீங்க. இன்னிக்கும் பிளாக்கி பேரைச் சொல்லிட்டீங்க.

— ஜெபத்துக்கு நடுவுல இப்படிப் பேசலாமா ஜோதி? ஒரு ஒழுங்கு வேண்டாமா? கண்ணை மூடு, முடிச்சுடறேன்.

— மூட மாட்டேன். நாய் செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கொய்யா மரத்தடியில குழி வெட்டிப் புதைச்சது நீங்கதான். இன்னும் தினம் சாயங்காலம் ஆண்டவர்கிட்ட அதைக் காப்பாத்தச் சொன்னா, எதுலேர்ந்து காப்பாத்துவார்?

— வாய்ப் பழக்கம். இத்தனை வருஷம் சொன்னது சட்டுனு நிக்குமா?

— பழக்கம்தானேன்னு நானும் விட்டேன். நேத்து உபதேசியார் வந்து இதே மேஜைகிட்ட உக்காந்திருக்கார், அவர் முன்னாடியும் சொன்னீங்க. கிளம்பும்போது என்னைக் கேக்கறார், "அசரியா சார் வேற நாய் வாங்கிட்டாரா டீச்சரம்மா?"ன்னு.

— நீ என்ன சொன்னே?

— ஆமான்னு சொன்னேன். கோயில் ஊழியக்காரர்கிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்க.

— அடுத்த தடவை வந்து நாய் எங்கேன்னு தேடப் போறார்.

— சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

— சரி, சிரிக்கலை. ஆனா அது மத்த நாய் மாதிரியா சொல்லு? நீ பாட்டுப் புஸ்தகத்தை எடுத்தா வந்து மேஜைக்கு அடியில படுத்துடும். ஆமென்னு காதுல விழுந்தாத்தான் எழுந்து உதறிக்கிட்டு தட்டுகிட்ட போகும்.

— தெரியும். போதகர் வந்த அன்னிக்கு ஜெபத்துக்கு நடுவுலயே ஒரு ஆமென் போட்டுட்டார். இது எழுந்து போய், தட்டை மூக்கால தள்ளிக்கிட்டே வந்து அவர் காலடியில விட்டுச்சு.

— அவரும் அதோட முடிச்சுட்டார். அன்னிக்குத்தான் சோறு ஆறாம சாப்பிட்டோம்.

— கிறிஸ்துமஸுக்குப் பாட வர்ற பசங்க கிடாரை எடுத்தா போதும், கூடச் சேர்ந்து ஊளையிடும். அந்தப் பசங்களும் நம்ம வீட்டுல மட்டும் ஒரு பாட்டு அதிகமாப் பாடுவாங்க.

— கடைசியில கண்ணு போயிடுச்சு, பாவம். சுவரை உரசிக்கிட்டே நடக்கும். அப்பவும் ஜெப நேரத்துக்கு மேஜைகிட்ட வராம இருந்ததில்ல.

— அதுக்குக் கடைசியா வாயில தண்ணி விட்டது நான்தாங்க. எனக்கு வலிக்கலைன்னு நினைக்காதீங்க. நேத்துகூடக் கருவாட்டுத் தலையைத் தனியா எடுத்து வெச்சுட்டு, அப்புறம் யாருக்குன்னு நின்னேன்.

— அப்போ என்ன? ரெண்டு பேருக்கும் அது ஒரு புள்ள மாதிரி. பேரு இருந்துட்டுப் போகட்டுமே.

— புள்ள மாதிரி. சரி. அப்போ புள்ளைக்கு?

— ஜோதி, வேண்டாம்.

— இன்னிக்குக் கேட்டுடறேன். இந்த ஒரு மாசமா உள்ளயே வெச்சுக்கிட்டிருக்கேன். அஞ்சு வருஷத்துக்கு முந்தி, சுனாமி வந்த வருஷம், ஆபேலை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலமும் ஜெபம் பண்ணினீங்க. பெங்களூர்ல இருக்கற நம்ம பொண்ணு டெபோராவுக்காகப் பண்ணினீங்க. உங்க தம்பிக்கு, எங்க அக்காவுக்கு, எல்லாருக்கும் பண்ணினீங்க. என் புள்ள பேரு வர்ற இடத்தை மட்டும் சானடோரியம் ஸ்டேஷன்ல நிக்காத எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி தாண்டிப் போயிட்டீங்க.

— மரிச்சவங்களுக்காக நாம ஜெபம் பண்றதில்ல. நம்ம சபையில அந்த வழக்கம் கிடையாது. உங்க அப்பாவுக்குப் பண்ணினோமா? எங்க அம்மாவுக்குப் பண்ணினோமா? அவன் ஆண்டவர்கிட்ட போயிட்டான். அவனுக்காகக் கேக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல.

— அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க. நான் எதிர்த்துப் பேசலை. எதிர் வீட்டு கிருபா அவங்க கத்தோலிக்க வழக்கப்படி கல்லறைத் திருநாள் பூசைக்கு செத்துப்போன வீட்டுக்காரர் பேரைக் கொடுக்கும்போது, "ஆபேல் பேரும் சேர்த்துக் கொடுக்கட்டுமாக்கா?"ன்னு வருஷா வருஷம் கேக்கறாங்க. எனக்கு ஆசையா இருக்கும். ஆனா சபைக் கமிட்டியில இருக்கறவர் வீட்டுலயே இப்படியான்னு உங்களை யாரும் கேட்டுடக் கூடாதுன்னு வேண்டாம்னுடுவேன்.

— நீ இதை என்கிட்ட சொல்லவே இல்லையே.

— சொன்னா ஒழுங்குன்னு பேசுவீங்க. காய்ச்சல்னு காலேஜ்லேர்ந்து வந்து படுத்த புள்ள, நாலாம் நாள் இல்ல. அவனுக்கு நீங்க ஒழுங்கு பார்த்தீங்க. நாய்க்கு மட்டும் எந்த ஒழுங்கும் இல்லையா? நாய்க்கு ஒரு நியாயம், என் புள்ளைக்கு ஒரு நியாயமா? எனக்கு உங்க மேல கோபமா இருக்குங்க. உங்க ஜெபத்துக்குக் கண்ணை மூடவே பிடிக்கலை.

— கோபப்படு. நான் தப்புன்னு சொல்லலை.

— அப்போ நாளைலேர்ந்து அந்தப் பேரு வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டமா இருக்கட்டும்.

— இப்போ கடைசியா நான் என்ன சொன்னேன்? அதை மட்டும் ஒரு தடவை சொல்லு.

— பிளாக்கியைக் காத்துக்கொள்ளும்னு சொன்னீங்க.

— முழுசா சொல்லு.

— முழுசான்னா? எப்பவும் சொல்றதுதான். "ஆபேலோட பிளாக்கியையும் காத்துக்கொள்ளும்." அவன் மூணாங்கிளாஸ்ல குட்டியைத் தூக்கிட்டு வந்தப்போ, தெருவுல வேற பிளாக்கியும் இருக்கு, இயேசப்பாவுக்கு எதுன்னு தெரியாதுன்னு அழுது, அப்படித்தான் சொல்லணும்னு உங்களைச் சொல்ல வெச்சான்.

— நாய் உசிரோட இருந்த வரைக்கும் எந்த வழக்கத்தையும் மீறாம நான் தினம் ஒரு தடவை அவன் பேரை ஆண்டவர்கிட்ட சொல்லிட்டிருந்தேன் ஜோதி. இனிமே யாரைச் சொல்ற சாக்குல நான் ஆபேல்னு சொல்லுவேன்?