பதினாறாம் நம்பர் போர்டு

— கையை அந்தத் தலகாணி மேலயே வெச்சிருங்க அத்தை. தொங்கவிட்டா வீங்கும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு.

— வெச்சிருக்கேன்மா. கட்டுப் போட்ட கை எங்க ஓடிடப் போகுது? நீ யாருக்கு போன் போட்டுக்கிட்டே இருக்கே?

— பஸ் கம்பெனி மேனேஜருக்கு. எடுக்க மாட்டேங்கறாரு.

— இன்னிக்கு லீவுதானே போட்டிருக்கே. அவருகிட்ட என்ன பேச்சு?

— பஸ்ஸுல மாட்டின புது நம்பர் போர்டையெல்லாம் கழட்டச் சொல்லப் போறேன். என் எழுத்து தப்பு, பழைய எழுத்தையே மாட்டுங்கன்னு.

— விளையாடறியா? வருஷம் பூரா கண்ணு பூத்துப்போக உக்காந்து வரைஞ்ச எழுத்தும்மா அது.

— வரைஞ்சு என்ன? நீங்க பதினாறுன்னு நினைச்சு பதினெட்டுல ஏறினீங்க. முன்னப்பின்ன தெரியாத ஸ்டாப்புல இறங்கி, படி தெரியாம விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டீங்க. அந்த போர்டை எழுதினது யாரு? நான்தானே?

— ஏதோ பராக்கு பாத்துட்டு ஏறிட்டேன். வயசானா அப்படித்தான். அதுக்கு எழுத்து என்ன பண்ணும்?

— எழுத்துதான் பண்ணுச்சு. பழைய போர்டுல ஆறாம் நம்பர் எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு? வால் குச்சி மாதிரி நேரா மேல போகும். பெயிண்டால எழுதின காலத்துல யாரோ ஒரு மனுஷன் பாத்துப் பாத்து வரைஞ்சது. எந்த மூலையில நின்னாலும் ஆறு ஆறாத்தான் தெரியும்.

— மறப்பேனா? காதுல கழுத்துல ஒண்ணும் போடாத எழுத்துன்னு நான்தானே அதுக்குப் பேர் வெச்சேன்.

— ம். கொக்கி, குஞ்சம் எதுவும் கிடையாது. அதுதான் அதுக்கு அழகு. இப்ப போர்டெல்லாம் லைட்டுல எரியுது, போன்லயும் அதே எழுத்து வரணும், கொஞ்சம் திருத்திக் குடுங்கன்னு கேட்டாங்க. நான் அந்த வாலைப் புடிச்சு உள்பக்கமா வளைச்சு விட்டுட்டேன்.

— நல்லதுக்குத்தானே செஞ்சே.

— ஆபீஸ்ல என்கூட வரையற கண்ணாடிக்காரர் இருக்காருல்ல, அவர் அப்பவே சொன்னாரு. தூரத்துல இருந்து பாத்தா எட்டு மாதிரி இருக்கு, வேண்டாம்னு. நான்தான் அடிச்சுப் பேசினேன். எங்க அத்தைக்கே தெரியுது, உங்களுக்கு என்ன கேடுன்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும்.

— என் பேரையா சொன்னே?

— பின்ன? சாயங்காலமானா உங்க முன்னாடி தாளை விரிச்சு, படிங்க படிங்கன்னு உயிரை எடுத்தேனே. பெரிய எழுத்துல ஆரம்பிச்சு பொடி எழுத்து வரைக்கும் கடகடன்னு படிச்சீங்க. யார் கண்ணையும் விட உங்க கண்ணைத்தான் நம்பினேன். இருங்க, இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன்.

— போனை வை.

— அத்தை...

— வைன்னு சொல்றேன்ல. இப்படி வந்து உக்காரு. அன்னிக்கு நான் எதுக்கு பஸ் ஏறப் போனேன்னு நீ கேக்கவே இல்லையே.

— மாத்திரை வாங்கன்னு அவர் சொன்னாரு.

— உன் புருஷன் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். புது போர்டு மாட்டியாச்சுன்னு நீ அவ்வளவு சந்தோஷமா சொன்னே. அதுல ஏறி ஒரு நடை போய்ட்டு வரணும்னு ஆசை. வேற ஒரு வேலையும் இல்லை எனக்கு.

— ஐயோ, அத்தை.

— முழுசாக் கேளு. எப்பவும் பக்கத்துல நிக்கறவங்களைக் கேட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். தம்பி, இது எந்த பஸ்ஸுன்னு. ரொம்ப நாளாவே அப்படித்தான். அன்னிக்கும் ஒரு பொண்ணு பக்கத்துல நின்னுச்சு. வாய் வரைக்கும் வந்துடுச்சு. என் மருமக எழுதினதை நானே இன்னொருத்தரைக் கேக்கறதான்னு வெக்கமாப் போச்சு. வந்து நின்னதுல ஏறிட்டேன்.

— எதுக்குக் கேக்கணும்? வெயில் கூசுதா?

— வெயிலும் இல்லை, ஒண்ணும் இல்லை.

— அப்ப தாள்ல மட்டும் எப்படிப் படிச்சீங்க?

— நீ குடுத்தது என்ன? பதினாறு போற வழி. ஸ்டாப் பேரு வரிசையா, அங்கங்க நிக்கற பஸ்ஸோட நம்பரு. தையல் கம்பெனிக்கு நான் அந்த வழியிலதானே போய் வந்தேன்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நீ எழுத்தைத்தான் பெருசு சிறுசா மாத்தினே. வரிசையை மாத்தவே இல்லை.

— சும்மா சொல்றீங்க. நான் மேனேஜர்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்றீங்க. ஒரு தடவை திக்கினீங்களே. பதினாறு வர்ற இடத்துல நிறுத்தி, இது என்னவோ சரியாத் தெரியலையேன்னீங்க. மனப்பாடமா இருந்தா எதுக்குத் திக்கணும்?

— அன்னிக்கு நீ, எல்லாம் முடிஞ்சுது அத்தை, இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்னு தாளை மடிச்சே.

— அதுக்கு?

— கல்யாணமாகி வந்ததுல இருந்து நீ உண்டு உன் கம்ப்யூட்டர் உண்டுன்னு இருந்தவ. இந்த எழுத்து வந்தப்பறம்தான் என் பக்கத்துல உக்காந்தே. டீ குடிச்சோம். உங்க ஆபீஸ் கதையெல்லாம் சொன்னே. அது நின்னுடுமேன்னு, போற போக்குல ஒண்ணைச் சொல்லி வெச்சேன். சொன்னா நாளைக்கும் வருவேல்ல.

— அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாலையே வளைச்சேன் அத்தை.

— திருத்திட்டேன், இப்பப் பாருங்கன்னு மறுநாள் வந்து நின்னே. அப்பவாவது சொல்லியிருக்கணும். கண்ணு சரியில்லைன்னு தெரிஞ்சா அடுப்புப் பக்கம்கூட விட மாட்டீங்கன்னு பயம். இப்ப நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டேன். அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட மன்னிப்புக் கேளு. எனக்கும் சேத்துக் கேளு. மேனேஜர்கிட்ட, ஆறை மட்டும் பழையபடி மாத்தித் தரேன்னு சொல்லு. எங்க அத்தை பொய் சொல்லிட்டாங்கன்னே சொல்லு, பரவாயில்லை.

— தினமும் எதிர்லயே உக்காந்திருந்தேன். உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆறு சரியா வருதா, எட்டு சரியா வருதான்னு. உங்க கண்ணை ஒரு தடவைகூடப் பாக்கலை.

— நீ என்ன பண்ணுவே? நான்தான் மறைச்சேன்... என்னம்மா, சத்தத்தையே காணோம்?

— இங்கதான் இருக்கேன். உங்க முன்னாடிதான் இருக்கேன்.

— அழுறியா? வாயைத் திறந்து சொல்லும்மா. உன் மூஞ்சி எனக்குத் தெரியலை.