அழுமூஞ்சியைக் கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே எடுங்கள்

குழாயில் தண்ணீர் வராத கோபத்தையெல்லாம் குடம் குடமாகக் காதில் வாங்கி, கொஞ்சமும் கொதிக்காமல் குறிப்பெழுதிய குணக்குன்றே! புகார் கவுன்டரின் பொறுமைப் பெட்டகமே! பேனாவில் மை நிரப்பி மனத்தைக் காலி செய்யும் மாயக்காரியே! அப்பாவின் ஒரே அக்காவே, அம்மாவின் பேச்சுத்துணையான அண்ணியே, திட்டு வாங்கிய நாளெல்லாம் தங்கச்சியும் நானும் ஓடிவந்து ஒளிந்துகொண்ட முந்தானைக்குச் சொந்தக்காரியே, எங்கள் அத்தையே!

வணக்கம் சொன்ன கையோடு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டு மடலைக் குளிர்ந்த மனத்தோடு எழுத வேண்டும் என்பார்கள். இது கொதித்த மனத்தோடு எழுதப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது தங்கச்சி இதைத் தாளில் அச்செடுத்துச் சத்தமாகப் படிப்பாள். உங்கள் பக்கத்துக் கவுன்டர் சாரும் விருந்தாளியாக வந்திருப்பார். அது தெரிந்தேதான் இதையெல்லாம் சொல்கிறேன். கடல் தாண்டி, வேலை முடிந்து, ஆடும் பேருந்தில் நின்றபடி போனை வாயருகே வைத்துச் சொல்லச் சொல்ல, அது எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் ஒரு அடி தள்ளி நின்றுவிட்டார். அவருக்கு மொழி புரியாது, ஆனால் கோபம் புரிந்திருக்கும். ஒரு சொட்டு மை செலவழிக்காமல் பேனாவுக்காகப் பேசுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், அத்தை. நீங்கள் சிரித்து வாரக்கணக்காகிறது என்றுதான் இங்கே எனக்குச் செய்தி வருகிறது.

அலுவலகத்தில் உங்களுக்கு நடந்த ஓய்வு விழாவின் வீடியோவைப் பார்த்தேன். ஒருமுறை பார்த்திருந்தால் ஆறிப்போயிருக்கும். திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேலதிகாரி மேடையேறி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, "மின்னல் வேகத்தில் பணியாற்றியவர்! ஒரு நொடியும் தாமதம் அறியாதவர்!" என்று அச்சடித்த தாளை வாசித்தார். யாரைப் பற்றி, ஐயா? ஒரு கடிதத்தை உறையில் போடுவதற்கே இரண்டு முறை யோசிக்கும் எங்கள் அத்தையைப் பற்றியா? தாமதம்தானே இவர் செய்த வேலை! தாமதம்தானே இவர் அந்த ஊருக்குக் கொடுத்த கொடை! அதைப் பாராட்டத் தெரியாவிட்டால், சும்மா ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கியிருக்கலாமே!

அந்த மேடையில் யாரும் சொல்லாததை இந்த வீட்டுக் கூடத்தில் சொல்கிறேன்.

குடிநீர் அலுவலகத்தின் புகார் கவுன்டருக்கு வருகிறவர்கள் யாரும் நலம் விசாரித்துக்கொண்டு வருவதில்லை. காலிக் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு நிறைந்த வாயோடு வருகிறவர்கள். அந்த வாய்க்கு முன்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தீர்கள். வந்தவர் கத்தத் தொடங்கியதும் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றுவீர்கள்.

"சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவர் சொல்லச் சொல்ல, அவர் சொன்னபடியே எழுதுவீர்கள். நடுவில் நிறுத்துவீர்கள். "கலங்கலா வருதுன்னீங்களா, நாத்தமா வருதுன்னீங்களா?"

"ரெண்டும்தாம்மா!"

"அப்ப ரெண்டையும் எழுதிடறேன்."

எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பி வைப்பீர்கள். அதற்குப் பிறகு மை காயும்வரை பதில் கிடையாது. ஊத மாட்டீர்கள், ஒற்றுத்தாள் வைக்க மாட்டீர்கள். "மை காயட்டும்" என்பீர்கள், அவ்வளவுதான். ஈரமாய் மினுங்கும் எழுத்துக்கு மேல் இரண்டு தலைகள் குனிந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், கத்தியவர் தன் கத்தலைத் தானே படித்துப் பார்ப்பார். குரல் தானாக இறங்கும். ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநர், "நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள என் தொட்டியே நிரம்பிடும் போலிருக்கே!" என்றாராம். "நிரம்பிட்டா சொல்லுங்க, புகாரை அடிச்சிடறேன்" என்றீர்களாம். அவர் சிரித்துவிட்டு உங்கள் மேசைமேலேயே கையூன்றி நின்று, தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாராம். இதை எங்களுக்குச் சொன்னவர் பக்கத்துக் கவுன்டர் சார்தான். இவ்வளவும் தெரிந்த மனிதர்தான், அத்தை! அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது!

அலுவலகத்தில் எழுதியது ஊருக்காக. வீட்டில் எழுதியது உங்களுக்காக. சமையலறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் கிடக்கும் குட்டி மேசையில், வேலைக்குப் போகுமுன் தினமும் ஒரு பக்கம். எதை எழுதுகிறீர்கள் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், பேப்பரில் வந்த வானிலை, சோப்பு உறையின் பின்பக்கம். கண்ணில் பட்டதைப் பார்த்து, மூச்சு விடுகிற வேகத்தில், ஒரு எழுத்தை முடித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவீர்கள். எழுதி முடித்ததும் தாளைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அம்மா அதை அலமாரித் தட்டில் விரிப்பார். எங்கள் வீட்டுப் பருப்பு டப்பாக்களெல்லாம் உங்கள் கையெழுத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

"எழுதினதை வச்சுக்கவே மாட்டேங்கறியேக்கா, அப்புறம் எதுக்குத்தான் எழுதற?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"நீ குளிச்ச தண்ணியை எடுத்து வச்சுக்கறியாடா?" என்றீர்கள்.

நான் இங்கே வந்த பிறகு, ஒவ்வொரு வார வேலையும் தொடங்கும் முன் உங்களைப் போனில் கூப்பிடுவேன். வேலை நிலைக்குமா, விசா நீளுமா என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். பேச ஒன்றும் இருக்காது. நீங்களும் கேட்க மாட்டீர்கள். போனைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருப்பீர்கள். தாளில் நிப்பு உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் கணக்கு நின்றுவிடும். நன்றி சொன்னதில்லை. இந்த மடலில் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் பேனாக்களின் பெருமை! தையல் பெட்டியின் தட்டுகளில் நூல்கண்டுகளை நாடு கடத்திவிட்டுக் குடியேறிய கூட்டம் அது. பழைய கடைகளில் தூசி தட்டி எடுத்தவை, நண்பர்கள் தூக்கிப் போட இருந்தபோது கையேந்தி வாங்கியவை, உடைந்து வந்து உங்கள் கையால் உயிர் பெற்றவை. கறுப்பாய்த் தடியாய் இருப்பதற்கு யானை என்று பெயர். ஊதா நிறத்துக்குக் கத்திரிக்காய். தங்க மூடியோடு பளபளப்பாக வந்து உட்கார்ந்து ஒரு வேலையும் செய்யாததற்கு மாப்பிள்ளை. "எழுதறதுக்கு ஒரு கைதானேக்கா இருக்கு உனக்கு?" என்று அப்பா கேட்டால், "உனக்கு இருக்கறது ரெண்டு கால். வாசல்ல போய் உன் செருப்பை எண்ணு" என்பீர்கள்.

இவர்கள் எல்லோருக்கும் கடைசியில் ஒருவர். கரும்பச்சை உடம்பு, கழுத்தில் கசிவு. எழுதினாலும் அழும், எழுதாமல் வைத்தாலும் அழும். பெயர் அழுமூஞ்சி. உங்கள் நடுவிரலில் குளித்தாலும் போகாத நீலத்தை வைத்தது அதுதான். பார்க்க மட்டமான பேனா. ஆனால் கவுன்டருக்கு நீங்கள் கொண்டுபோனது அதை மட்டும்தான். "அழறவங்களுக்கு நடுவுல அழற பேனாதான் சரிப்படும்" என்பீர்கள்.

ஓய்வு பெறும் வாரத்தில் அழுமூஞ்சி உங்கள் அலுவலக மேசை இழுப்பறையிலிருந்து காணாமல் போயிற்று. மேசைக்கு அடியில் தேடினீர்கள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினீர்கள். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் பெண்மணியிடம் கேட்டீர்கள். சாப்பிடாமல் இருந்தீர்கள் என்று அம்மா சொன்னார். பக்கத்துக் கவுன்டர் சாரோ, "எங்க போயிடப் போகுது மேடம், கிடைச்சிடும்" என்று மற்றவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டியிருக்கிறார்.

கிடைத்தது! விழா மேடையில், திரையை விலக்கியதும் கிடைத்தது! பக்கத்துக் கவுன்டர் சார் தன் கையால் செய்த நினைவுக் கேடயத்தில், சிவப்பு வெல்வெட்டின் மேல், மூடி தனியாக, உடம்பு தனியாக, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து பூசி இறுக ஒட்டி, நிப்பு கீழ்நோக்க, அதற்கு அடியில் அந்த மின்னல் வேகத் தாளின் நகலையும் வைத்து, மேலே கண்ணாடி போட்டு, நாலு பக்கமும் திருகாணி முடுக்கி! எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் உங்கள் வலது கை தானாக எழுந்து கண்ணாடியைத் தொட்டு, பேனாவை எடுக்கப் பார்த்து, முடியாமல் இறங்கியதை நான் வீடியோவில் பார்த்தேன். அதற்குத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அநியாயம் இல்லையா இது? பாடுகிறவருக்குப் பரிசு கொடுக்கிறேன் என்று வாயைத் தைத்துவிட்டுப் பொன்னாடை போர்த்துவார்களா? சார், நீங்கள் கெட்டவர் இல்லை. உங்கள் அன்பில் குறையில்லை, பசைதான் அதிகமாகிவிட்டது.

அன்று முதல் அத்தை எழுதவில்லை. தையல் பெட்டியைத் திறக்கவில்லை. "மத்த பேனாவெல்லாம் இருக்கே அண்ணி" என்று அம்மா சொன்னதற்கு, "ஒருத்தனை ஜெயில்ல வச்சிட்டு மத்தவங்களோட உக்காந்து விருந்து சாப்பிடச் சொல்றியா?" என்றாராம். ஊரே கத்தியபோது கத்தாத அத்தை, இப்போது பேப்பர்காரரிடம் கத்துகிறார். டிவியில் செய்தி வாசிப்பவரிடம் கத்துகிறார். நான் போன வாரம் கூப்பிட்டபோது, "என்னடா விஷயம், சீக்கிரம் சொல்லு" என்றார். சீக்கிரம்! எங்கள் அத்தையின் வாயில் சீக்கிரம்!

கேடயம் கூடத்துச் சுவரில், வெயில் விழும் இடத்தில் தொங்குகிறது. உள்ளே பேனா சூடாகி, தன் குணத்தைக் காட்டிவிட்டது. நிப்பிலிருந்து மை கசிந்து, கீழே இருக்கும் தாளில் இறங்கி, முதலில் 'மின்னல்' என்ற சொல்லையும் பிறகு 'வேகத்தில்' என்ற சொல்லையும் முழுங்கிவிட்டது. தங்கச்சி படம் அனுப்பினாள். இந்த வீட்டில் முதலில் எதிர்த்துக் குரல் கொடுத்தது அழுமூஞ்சிதான்!

அதற்கு அப்பா கண்டுபிடித்த தீர்வைக் கேளுங்கள். ஃப்ரேம் கடைக்காரரிடம் பேசிவிட்டாராம். திங்கட்கிழமை அவர் வந்து எடுத்துப்போவார். "நிப்பைப் பிடுங்கிட்டு ஓட்டையை மெழுகு வச்சு அடைச்சிட்டா ஆயுசுக்கும் ஒழுகாது சார்" என்றாராம் கடைக்காரர். "சபையில குடுத்த மரியாதையாச்சே அக்கா, கறை படியலாமா?" என்று அப்பா உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள், "உன் இஷ்டம்டா" என்றீர்களாம்.

இஷ்டமில்லை, அத்தை! எங்கள் யாருக்கும் இஷ்டமில்லை! பக்கத்துக் கவுன்டர் சார் மனம் நோகும் என்றுதானே வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்? முப்பது ஆண்டு ஊரார் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டது போதும். அப்பா, உங்களிடமும் கேட்கிறேன். மரியாதை கண்ணாடியிலா இருக்கிறது? நீங்கள் சம்மதித்துத் தலையாட்டும்முன் கொஞ்சம் மை காய விட்டிருக்கக் கூடாதா?

எனவே, இந்தச் சபையை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கச்சி, படிப்பதை இங்கே நிறுத்திவிட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவா. அப்பா கேடயத்தைச் சுவரிலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேசையில் படுக்க வைக்கட்டும். அம்மா ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரட்டும். திருகாணிகளைக் கழற்றும் பெருமை, முடுக்கிய கைக்கே உரியது. சார், அது உங்களுடையது. பசை வெல்வெட்டைத்தான் பிடித்திருக்கிறது. பேனாவைச் சுற்றி வெல்வெட்டைக் கத்தியால் கீறினால் போதும், இழுக்க வேண்டாம். முதுகில் கொஞ்சம் சிவப்புத் துணி ஒட்டிக்கொண்டு வந்தால் வரட்டும். உங்கள் நினைவாக இருக்கும், பிடிக்கவும் வழுக்காது. பிறகு அதை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் சும்மா இருங்கள். காய்ந்த மையைக் கழுவி, திரும்ப நிரப்பி, அது மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதத் தொடங்க நேரமாகும். சாப்பாடு ஆறட்டும், பரவாயில்லை.

அத்தையே! அவசரம் அறியாத அரசியே! கை நடுங்காமல், கண் மங்காமல், கவுன்டர் இல்லாத காலைகள் அத்தனையும் உங்களுக்கே உங்களுக்காக விடிய, விரலில் நீலமும் மனத்தில் ஈரமும் மாறாமல், மை காயும்வரை யாருக்கும் பதில் சொல்லாமல், பருப்பு டப்பாக்களுக்குக் கீழே பக்கம் பக்கமாகப் பெருகி, நெடுங்காலம் எங்களோடு இருங்கள்!

இந்த மடலைத் தயவுசெய்து யாரும் ஃப்ரேம் போடாதீர்கள். அலமாரித் தட்டில் விரியுங்கள். கையெழுத்துகளுக்கு இடம் விட்டிருக்கிறேன். அழுமூஞ்சியால் மட்டும்தான் கையெழுத்துப் போட வேண்டும். அது எழுதும்வரை இந்த மடல் முடிந்ததாகாது. அப்பா முதலில், பிறகு அம்மா, தங்கச்சி, பக்கத்துக் கவுன்டர் சார்.

எல்லோருக்கும் கீழே என் பெயர். நான் வந்து போட முடியாது. நீங்களே எழுதிவிடுங்கள், அத்தை. மெதுவாக எழுதுங்கள். தங்கச்சி போனைத் தாளுக்குப் பக்கத்தில் வைப்பாள். நான் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,