நனையாத ஷூ

முதுகுப்பை வாங்கும்போது எல்லோரும் ஜிப்பைத்தான் இழுத்துப் பார்க்கிறார்கள், மேடம். பார்க்க வேண்டியது தோள்வார் தைத்திருக்கும் இடத்தை. எந்தப் பையும் முதலில் அங்கேதான் விட்டுப்போகும். கமர்ஷியல் தெருவுக்குப் பின்சந்தில் பதினெட்டு வருஷமாகப் பைக்கடை வைத்திருப்பவன் சொல்கிறேன். ஸ்டேஷனில் என்னைப் பிடித்து உட்காரவைத்ததற்கு இந்த ஒரு தகவலாவது லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கதெ பேடா, கதையெல்லாம் வேணாம், விஷயத்துக்கு வாங்க" என்கிறீர்கள். வருகிறேன்.

என் பெயர் பாலகுமார், பெங்களூர் ஆஸ்டின் டவுன். மனைவி பிரிசில்லா கோலார் தங்கவயல் பெண். அவள் அப்பா அலெக்சாண்டர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி வண்டியில் போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி. மிச்சமிருந்த நேரத்தில் என்னோடு ஆறு வருஷம் குடும்பம் நடத்தினாள். சண்டை போட நேரமில்லாத காரணத்தால் நல்ல ஜோடி என்று பெயர் எடுத்தோம்.

முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு வெளிநாடு சுற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. ஐந்து வாரம்: லிஸ்பன், போர்ட்டோ, ஸ்பெயினின் வடகரை, கடைசியாகப் பிரான்சின் மேற்குக் கரை. ஊரில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் கௌரவக் குறைவு. கடல் தாண்டிப்போய் எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல்கட்டிலில் ஏறிப் படுத்தால் அதற்குப் பெயர் அனுபவம். நானும் அனுபவித்தேன். கீழ்க்கட்டில் ஜெர்மன்காரர் இரவெல்லாம் குறட்டையில் மரம் அறுத்தார். காலையில் என்னைப் பார்த்து, நன்றாகத் தூங்கினீர்களா என்று விசாரித்தார். நாகரிகமான மனிதர்.

லிஸ்பன் சந்தையில் ஒரு கிழவியிடம் ஆரஞ்சுக்குப் பேரம் பேசினேன். கிழவிக்கு நான் பேசியது புரியவில்லை, ஆனால் பேரம் புரிந்தது. இரண்டு பழம் கூடுதலாகப் போட்டாள்.

"மானத்த வாங்காத பாலா. ரேட்டு ஒட்டி வெச்சிருக்காங்க, கண்ணு தெரியலயா?" என்றாள் பிரிசில்லா.

"ஒட்டினதை ஒட்டினபடி குடுக்க நான் என்ன சம்பந்தி வூட்டுக்காரனா?"

சிரித்தாள். அந்தப் பயணத்தில் என் பேச்சுக்கு அவள் சிரித்தது அதோடு சரி.

ஸ்பெயினில் ரயிலில் போகும்போது சொன்னாள். கம்பெனி அவளை லிஸ்பனுக்கு மாற்றுகிறது. "ஓகே சொல்லிட்டேன். ஜூன்ல ஜாயின் பண்ணணும்."

"என்னைக் கேக்கவே இல்லயே?"

"கேட்டா நீ பேரம் பேசுவ."

அப்போதுதான் புரிந்தது, மேடம். நான் ஊர் சுற்றிப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்கடைக்காரன் லிஸ்பனில் போய் என்ன செய்வான்? அந்த ஊரில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட ஆங்கிலம் பேசுகிறார்கள். நான் போகாவிட்டாலோ, அவள் போய்விடுவாள். போனவள் திரும்புவாளா என்பது, கடனுக்குப் பை வாங்கிப் போனவர் திரும்புவாரா என்பது மாதிரிதான். எனக்கு அவள் வேண்டும். இதை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பிரான்சின் கரையில் ஒரு சின்ன ஊர். பெயர் என் வாயில் நுழையாது. எதிரே குட்டித் தீவு ஒன்று, அதன்மேல் பழைய கல்கோயில். கடல் வற்றும்போது அரை கிலோமீட்டர் கல்பாதை தெரியும், நடந்தே போகலாம். கடல் ஏறும்போது பாதை உள்ளே போய்விடும். நாம் பெங்களூர்க்காரர்கள், மேடம். நமக்குத் தெரிந்த தண்ணீர் அல்சூர் ஏரியும் டேங்கர் லாரியும்தான். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை வந்துபோகும் என்பதையே அங்கேதான் நேரில் பார்த்தோம்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை இருந்தது. போனை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். அன்றைக்கு நாலரை மணிக்குப் பாதை மூடும் என்று இருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"ஆறு வரைக்கும் டைம் இருக்கு" என்றேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். பேரத்தில் அவசரம் யாருக்கு என்பதுதான் விஷயம். யாருக்கு நேரம் போவது தெரிகிறதோ அவன் கை மேலே. அவ்வளவுதான் என் உத்தேசம். முழங்கால்வரை நனைந்து, கொஞ்சம் பயந்தால் போதும். பயந்தவர்கள் விலையைக் குறைப்பார்கள்.

தீவில் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். போர்ட்டோவில் படி ஏறி இறங்கியதில் அவள் குதிகால் இரண்டும் கொப்புளம். ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"என்னா காத்து பாரு பாலா. சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்கும்போதெல்லாம் இந்த மாதிரி ஒரு எடத்தைத்தான் நெனச்சுப்பேன்."

"ஒரு வருஷம் தள்ளிப் போடு. கடையை யார்கிட்டயாச்சும் ஒப்படைச்சுட்டு நானும் வர்றேன்."

"போன வருஷமும் இதான் சொன்ன."

"ஆறு மாசம்."

"நான் பை இல்ல, பாலா."

"கடைசியா என்ன சொல்ற?"

"போறேன். நீ வந்தா சந்தோஷம். வரலன்னாலும் போறேன்."

கட்டிய பெண்டாட்டி 'ஒரே விலை' என்று போர்டு மாட்டிவிட்டாள்.

ஒரே விலைக் கடையில் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுந்து நடக்க வேண்டும். கூப்பிடுவார்கள். முதல் குரலுக்குத் திரும்பினால் நம் கதை முடிந்தது. இரண்டாவது குரலுக்கு நடையைக் கொஞ்சம் தளர்த்தலாம். மூன்றாவது குரலில் திரும்பினால் நாம் சொன்ன விலை. தலைமுறை தலைமுறையாக இது தவறியதில்லை.

எழுந்தேன். நாலேகால். அவள் கழற்றி வைத்த ஷூவை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொருள் நம் கையில் இருந்தால்தான் பின்னாலேயே வருவார்கள்.

பாதிப் பாதையில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. முதல் குரல் வந்தது: "பாலா!" நடந்தேன். கல் முழுக்கச் சிப்பி, பிளேடு மாதிரி. ஷூ போட்ட எனக்கே சறுக்கியது. இரண்டாவது குரல்: "பாலா, என் ஷூ! ஷூவக் குடுத்துட்டுப் போ!" நடையைத் தளர்த்தினேன். முறைப்படி.

கரையேறி, எதிரே இருந்த காபிக் கடையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சீசன் இல்லை, ஆளும் இல்லை. கடைக்காரர் இரண்டு விரலைக் காட்டி, இரண்டு பேரா என்று கேட்டார். ஆமாம், பின்னால் வருகிறாள் என்றேன். அவர் காபி போட உள்ளே போனார்.

அவர் வெளியே வந்து கடலைப் பார்த்துக் கையிலிருந்ததைப் போட்டு உடைத்தது, போன் செய்தது, படகு வந்தது, மறுநாள் காலை வேறொரு கரையில் அவள் கிடைத்தது எல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. அந்த ஊர் போலீஸ் மிகவும் மரியாதை. கடல் தெரியாத பயணிகள், விபத்து என்று எழுதிக் கொடுத்து, என் தோளையும் தட்டினார்கள். பேரமே பேசாமல் எனக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்தச் சர்டிபிகேட்தான்.

தங்கவயலில் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் தம்பி ஷெர்வின் என் பையைத் திறந்திருக்கிறான். அக்காவின் துணியை எடுக்க. ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தான்.

"மாமா, அக்கா தண்ணியில மாட்டிக்கிச்சுன்னா இது கால்ல இல்ல இருந்திருக்கணும்? ஒரு சொட்டு நனையாம எப்படி உங்க பைல கெடக்குது?"

எங்கள் கடைப் பை, தண்ணீர் புகாது என்றேன். அவன் சிரிக்கவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டான். புத்திசாலிப் பையன். வியாபாரத்துக்கு வந்திருக்க வேண்டியவன்.

மூன்றாவது குரல் வந்ததா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வந்தது.

நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை, மேடம். காபிக் கடையின் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ஆறு வரைக்கும் டைம் என்று நான் சொன்னதை நம்பி, வெறுங்காலோடு பாதி தூரம் வந்துவிட்டாள். இடுப்புவரை தண்ணீர். காலை எடுத்து வைப்பதும், தடுமாறி நிற்பதும், மறுபடி எடுத்து வைப்பதுமாக. இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். கூப்பிடு தூரம்தான், தெளிவாகக் கேட்டது. கண்ணாடியில் அவள் தலை மட்டும் தெரியும்வரை, அதுவும் தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் அவள் கத்தியது என் பெயர் இல்லை. பயணத்துக்கென்று போனில் படித்து வைத்திருந்த அந்த ஊர் வார்த்தை. காப்பாற்றுங்கள் என்று அர்த்தமாம். கட்டிய புருஷன் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், அவள் முன்பின் தெரியாதவர்களைக் கேட்கிறாள். அந்த நேரத்தில்கூட என்னிடம் இறங்கி வர மனசில்லை. அவள் குணம் அது, என்ன செய்ய?

ஷூ இருந்த பை என் மடியில்தான் இருந்தது, மேடம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன்.