சிவப்பு மிட்டாயில் எலுமிச்சை

ஹலோ... ஹலோ, மாப்ளே! கேக்குதா? அத்தான்தான் பேசறேன்... ஆமா, ஆமா, மெதுவாத்தான் பேசறேன். எங்க இருக்க? ...உள்ள போயாச்சா? மிட்டாய்த் தட்டை மேசை மேல வச்சாச்சா? ...சரி, போனோட அப்படியே வெளிய வா. வயித்த வலிக்குதுன்னு சொல்லு. வயித்து வலிக்கு எந்த முதலாளியும் விளக்கம் கேக்கமாட்டாரு.

...வந்துட்டியா? கேளு. நம்ம பழ மிட்டாய்ல ஒரு கோளாறு... இல்ல, எறும்பு இல்ல. எறும்புன்னா பொறுக்கிப் போட்டுரலாமே. ருசி மாறிப்போச்சு. சிவப்புல எலுமிச்சை இருக்கு... ஆமாடா, ஸ்ட்ராபெரி இருக்கவேண்டிய எடத்துல! ...யாரு பண்ணினதா? நான்தான். நேத்து எசன்ஸ் பாட்டில் நாலையும் கழுவினேன்ல... ஆமா, பேரு மூடியிலதானே எழுதியிருக்கு. நாலு மூடியையும் ஒரே சட்டியில போட்டு அலசி, கைக்கு வந்ததைத் திருகிட்டேன் போல... மோந்து பாக்கறதா? பத்து வருஷமா மோந்து மோந்து, இந்த மூக்கு இப்ப மூச்சு விட மட்டுந்தான்.

...இப்பதான்டா தெரிஞ்சுது! பக்கத்துத் தையல்காரருக்கு ஒரு சிவப்பு குடுத்தேன். ஊசில நூல் கோத்துக்கிட்டே, பாக்காம வாயில போட்டாரு. எலுமிச்சை ஜோரா இருக்குங்கறாரு...

சிரிக்காத! உள்ள நம்ம மிட்டாயை ருசி பாக்கப் போற அந்த முதலாளி நாப்பது கடை வச்சிருக்காரு. இவரும் வேணாம்னுட்டா இந்த மாசத்தோட அடுப்பை அணைச்சுட்டு, நானும் உங்க அக்காவும் வேற பொழப்பு தேடணும். நீயும்தான், மறந்துடாத... உங்க அக்காவுக்கா? தெரியாது. உள்ள பாகு காய்ச்சறா. தெரிஞ்சிருந்தா நான் இப்படி நடந்துக்கிட்டா பேசுவேன்? ஓடிக்கிட்டுல்ல பேசுவேன்!

சரி, பதறாத... நான் பதறலையே! ...இங்க பாரு, கலரைப் பாத்துத் தின்னா ஒருத்தருக்கும் தெரியல. பால்காரரு சிவப்பைப் பாத்துத் தின்னுட்டு, ஸ்ட்ராபெரிதான்னு சத்தியமே பண்றாரு. அதனால தட்டை ஜன்னல் பக்கம் நகர்த்தி வை, நல்லா வெளிச்சம் படட்டும். போ, உள்ள போ. போனைக் காதுலயே வச்சுக்க.

...என்ன எடுக்கறாரு? ...வெல்ல மிட்டாயா? நல்லது, நல்லது! அப்பா காலத்துச் சரக்கு, அதுல நான் கெடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ...இன்னொண்ணா? குடு. மூணாவதும் குடு. நாக்கு நல்லா ஒட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்... ம்... ம்... சிவப்புக்கு வந்துட்டாரா? சொல்லு... என்னது? கண்ண மூடிக்கிட்டா? ...எப்பவும் கண்ண மூடித்தான் ருசி பாப்பாரா! அடப்பாவி, இதை நேத்தே சொல்றதுக்கென்ன?

...என்ன சொன்னாரு? ...எலுமிச்சை. போச்சு. போயே போச்சு... இரு, இரு, இரு! விளையாட்டுன்னு சொல்லு. கலர் ஒண்ணு, ருசி ஒண்ணு, தின்னு கண்டுபிடிக்கணும், பிள்ளைங்க போட்டி போட்டு வாங்குவாங்கன்னு சொல்லு... பொய்யா? யாரு சொன்னா? இப்பதான் பொறந்த உண்மைடா அது! சொல்லு!

...ம். ...சிரிச்சாரா? ...புடிச்சிருக்காமா! ...என்கிட்டயா? இப்பவேவா? இரு, தொண்டையைச் சரி பண்ணிக்கறேன்...

வணக்கம் ஐயா, வணக்கம்! ...ஆமாங்க, நாங்களேதான் யோசிச்சது. ரெண்டு வருஷமா இதே யோசனைங்க... பச்சையில என்ன ருசியா? எனக்குத் தெரியாமலா ஐயா! ...வாயில வச்சிருக்கீங்களா? ...நான் சொல்லணுமா. சொல்றேன், சொல்றேன். ஒரு நிமிஷம், இங்க பாகு பொங்குதுங்க...

இந்தாம்மா! அடுப்பைக் குறைச்சுட்டு வா. இந்தப் பச்சையை வாயில போடு. ஏன் எதுக்குன்னு கேக்காத... அன்னாசியா? நெஜமா?

ஐயா, அன்னாசி! ...சரிதானுங்களே! ...மஞ்சளா? இதோ...

மஞ்சள் என்னம்மா? சீக்கிரம்... வாயிலயே போடாம எப்படிச் சொல்ற? ...காலையிலயே தெரியுமா? எங்கிட்ட சொன்னியா? எப்ப? ...தட்டு கட்டும்போதா? நான் என்ன சொன்னேன்? ...சிவப்பாத்தானே இருக்கு, சும்மா இருன்னா? ...ஆமா. சொன்னேன்.

ஐயா, மஞ்சள்ல வந்து... ஹலோ? ...எல்லாம் கேட்டுச்சுங்களா. ...மூடி மாறிப்போச்சுங்க. விளையாட்டெல்லாம் இல்ல. ...ஆமாங்க. ...இல்லைங்க, அவங்கதான் கண்டுபிடிச்சது. என் வீட்டுக்காரங்க. அவங்க நாக்குலதான் தொழிலே நடக்குது, எனக்கு வெறும் வாய்தான்... ம். ...ம். ...அப்படிங்களா? ...நெஜமாவா ஐயா? ...இருங்க, குடுக்கறேன்.

கையைத் தொடச்சுட்டு வா... என்னை ஏன் முறைக்கிற? இதே தப்பை அப்படியே திரும்பப் பண்ணித் தரணுமாம், நாப்பது கடைக்கும். நீ ருசி பாத்துட்டுத்தான் ஒவ்வொரு பெட்டியும் போகணுமாம். விலையும் உன்கிட்டத்தான் பேசுவாராம்... இல்ல, என்கிட்ட இல்ல, நானும் கேட்டுப் பாத்தேன்... இந்தா, புடி. ஒண்ணு மட்டும் கேளு, முதல்ல சொல்ற விலைக்குத் தலையாட்டிடாத, ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறமா... சரி. சரி, சரி. வாயை மூடிட்டேன்.